கடைமடைக் குரலும் கணினியின் காதும்: கிராம சபையில் செயற்கை நுண்ணறிவு

மேட்டூர் திறந்தாயிற்று, கல்லணையும் திறந்தாயிற்று என்று செய்தி வந்ததும் டெல்டாவில் அடுத்த கேள்வி, "கடைமடைக்கு வந்துச்சா?" என்பதுதான். அணையில் திறந்த கனஅடிக் கணக்கை மட்டும் பார்த்து, தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டதாக இங்கே யாரும் நினைத்துக்கொள்வதில்லை. மக்கள் கருத்தைத் திரட்டச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவரும்போதும் இதையே கேட்க வேண்டும். இருநூறு பேர் கூடிய சபையில் கடைசி வரிசையில் நின்றவர் சொன்னது தீர்மானம் வரை போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே வற்றிப் போனதா?

ஒன்றிய அரசின் ஊராட்சி ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் 'சபாசார்' என்ற கருவியை வெளியிட்டது. கிராம சபைக் கூட்டத்தின் ஒலிப்பதிவையோ காணொளியையோ அதில் ஏற்றினால், பேச்சை எழுத்தாக்கிச் சுருக்கி, நடவடிக்கைக் குறிப்பாகத் தரும். மொழி வேலையைப் பார்ப்பது 2022இல் தொடங்கிய 'பாஷிணி' திட்டம். தமிழும் அதில் உண்டு. ஆக, கருவி வருமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்தினால் சபைக்குப் பலம், எப்படிப் பயன்படுத்தினால் சபையின் வாயை அடைக்கும் என்பதே இப்போது பேச வேண்டிய விஷயம்.

குறிப்பேட்டில் ஏறாத பேச்சு

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது குறைவெண் வரம்பு. 2019 டிசம்பரில் தேர்வான டெல்டா மாவட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத இத்தகைய காலத்தில், சபையில் பேசிய பேச்சும் அதன் பதிவும்தான் மக்கள் கையில் மிஞ்சும் பிடிமானம்.

அந்தப் பதிவு இப்போது எப்படி உருவாகிறது? கூட்டப்பொருள் மேலிடத்திலிருந்து வருகிறது. ஊராட்சிச் செயலர் அதை வாசிக்கிறார், கூட்டத்தைக் கண்காணிக்க வரும் அலுவலரான பற்றாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கையெழுத்து வாங்கப்படுகிறது. இடையில் சுடுகாட்டுப் பாதை, கருகிய மின்மாற்றி, தூர்ந்த வடிகால் என்று மக்கள் ஒரு மணி நேரம் பேசியது, "இதர பொருள்கள் விவாதிக்கப்பட்டன" என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. எந்த இயந்திரமும் கை வைக்கும் முன்பே பெரும்பகுதி இழக்கப்படுவது இங்கேதான். இது செயலரின் குறை மட்டுமல்ல. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்ய நான்கு மணி நேரமாவது ஆகும். அதற்கு எந்த ஊராட்சியிலும் ஆள் கிடையாது.

யார் பேச்சு காதில் விழுகிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளை எழுத்தாக்கி, கணினி வழியே தலைப்புகளாகப் பிரித்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் வெளியானது. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் பேசும் வாய்ப்பும், அவர்கள் எடுத்த பேச்சைச் சபை தொடரும் வாய்ப்பும், அலுவலரிடமிருந்து பொருத்தமான பதில் பெறும் வாய்ப்பும் குறைவு என்று அது காட்டியது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது. யார் எவ்வளவு நேரம் பேசினார், யாருக்குப் பதில் கிடைத்தது என்பதை எண்ணிக் காட்டும் வேலையைக் கணினி சலிக்காமல் செய்யும். இதற்காகவே அதைச் சபைக்குள் விடலாம்.

ஒலிப்பதிவில் தொடங்கும் தவறுகள்

தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னை ஐஐடியின் 'ஏஐ ஃபார் பாரத்' குழு வெளியிட்டவை உண்டு, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'விஸ்பர்' உண்டு. அமைதியான அறையில் ஒருவர் பேசினால் நன்றாகவே எழுதும். ஆனால் நம் சபை கூடுவது வேப்பமரத்தடியில், சமுதாயக் கூடத்தில், கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே. காற்று மைக்கில் அடிக்கும், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், கைபேசி மேசை மேல் கிடந்தால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும்.

எனவே முதல் செலவு மென்பொருளுக்கு அல்ல, மைக்குக்கு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரடியாக ஒரு கம்பி இழுத்துப் பதிவுக் கருவியில் செருகுங்கள். கூட்டத்தின் நடுவே இன்னொரு கைபேசியை வையுங்கள், மைக் கிடைக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசுபவர்களின் குரல் அதில்தான் விழும். 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றை ஒலித்தடம் போதும். பெரும்பாலான மென்பொருள்கள் அந்த அளவுக்கு மாற்றித்தான் கேட்கின்றன. பேசும் முன் ஒவ்வொருவரும் தம் வரிசை எண்ணைச் சொல்லட்டும். குரலை வைத்து ஆளைப் பிரிக்கும் மென்பொருள் திறந்தவெளியில் அடிக்கடி தடுமாறும், வரிசை எண் தடுமாறாது. விஸ்பர் 30 விநாடித் துண்டுகளாகத்தான் ஒலியைக் கேட்கும். பேச்சில்லாத இடைவெளி நீண்டால், யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானே எழுதிவிடும். ஆங்கிலப் பேச்சை வைத்து 2024இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 1 சதவீதத் துண்டுகளில் இப்படி முழுச் சொற்றொடர்களே கற்பனையாக முளைத்திருந்ததைக் கண்டது. தீர்மானப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி ஏறினால், சபை சொல்லாததைச் சபை சொன்னதாக ஆகும். ஆகவே கைதட்டல், சலசலப்பு, மௌனம் உள்ள பகுதிகளை முன்கூட்டியே வெட்டி எறிந்துவிட வேண்டும்.

அடுத்தது வட்டாரச் சொற்கள். வாய்க்கால் நீரைத் தடுத்துத் திறந்துவிடும் கதவான நீரொழுங்கியைக் கீழ்த்தஞ்சையில் 'சட்ரஸ்' என்பார்கள். நிலத்தை மா, வேலி என்று அளப்பார்கள்: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. "அஞ்சு மா தாளடி முழுகிப்போச்சு" என்பது, இரண்டாம் போக நெல்லான தாளடிக்குக் கேட்கும் பயிர் நிவாரணக் கோரிக்கை; இயந்திரம் அதை மாவாகவோ மாமரமாகவோ மாற்றிவிட்டால் கோரிக்கையே காணாமல் போகும். வெட்டாறு வெள்ளாறாகும், பாமணியாறு இரண்டு சொல்லாக உடையும், 'சி.ஆர். 1009' என்ற நெல் ரகம் தொலைபேசி எண் மாதிரி எழுதப்படும். இதற்கு வழி, ஊராட்சிக்கென்று ஒரு சொற்பட்டியல்: வாய்க்கால்கள், மதகுகள், தெருக்கள், நெல் ரகங்கள், கோயில்கள், பள்ளிகள் எல்லாம் சேர்த்து 200 முதல் 300 சொற்கள். கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டிலும் நீர்வளத்துறையின் பட்டியலிலும் உள்ள பெயர் ஒன்றாக இருக்கும், ஊரார் வாயில் வழங்கும் பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் எதிரெதிரே எழுதிவைக்க வேண்டும். ஊரில் இரண்டு பெரியவர்களோடும் மதகு திறந்து மூடும் பணியாளரான லஸ்கரோடும் ஒருநாள் உட்கார்ந்தால் பட்டியல் தயார். இதை யாரும் மேலிருந்து செய்து தரப்போவதில்லை.

பிறகு சோதனை. ஏதாவது 10 நிமிடத்தை எடுத்து ஒருவர் காதால் கேட்டு, நூறு சொல்லுக்கு எத்தனை தவறு என்று எண்ணட்டும். பத்துக்குள் என்றால் திருத்திப் பயன்படுத்தலாம். முப்பதைத் தாண்டினால் பதிவு சரியில்லை என்று பொருள். அதைச் சுருக்கத்துக்கு அனுப்பாதீர்கள். எண்களையும் ஆள், ஊர்ப் பெயர்களையும் மட்டும், பிழை எவ்வளவு குறைவாக இருந்தாலும், மனிதர் ஒருவர் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

சுருக்கத்தில் தொலைந்துபோவது

இங்கேதான் ஆபத்து அதிகம், இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். உதாரணத்துக்கு, 40 பேர் பேசுகிறார்கள் என்று வையுங்கள். 22 பேர் குடிநீர், 11 பேர் சாலை, 6 பேர் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்குவது. ஒரே ஒருவர் மட்டும், "கடைசி சட்ரஸ்ல பலகை உடைஞ்சு கெடக்கு, இப்படியே விட்டா உப்புத்தண்ணி ஏறிடும்" என்கிறார். எழுத்தைப் படித்துச் சுருக்கும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரியிடம் "சுருக்கித் தா" என்றால் குடிநீர், சாலை, கொள்முதல் என்று மூன்று அழகான பத்திகள் வரும். சட்ரஸ் வராது. அடிக்கடி வந்ததை முக்கியம் என்று எடுத்துக்கொள்வது அதன் இயல்பு. ஆனால் கடலோரக் கிராமத்தில் அந்த ஒருவர் சொன்னதுதான் நூற்றுக்கணக்கான ஏக்கரைப் பாதிக்கும் செய்தி. உடைந்த பலகையைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் ஒரே குரல்.

எனவே சுருக்கச் சொல்லக் கூடாது, முதலில் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வரிசை: பேசியவரின் எண், ஒலிப்பதிவில் எந்த நிமிடம், கோரிக்கை என்ன, இடம் எது, அவர் பயன்படுத்திய சொற்கள் அப்படியே. 40 பேர் பேசினால் 40 வரிசைக்குக் குறையக் கூடாது; குறைந்தால் யாரோ விடுபட்டிருக்கிறார். அதன் பிறகுதான் ஒத்தவற்றைச் சேர்ப்பது. சேர்த்து எழுதிய ஒவ்வொரு வரியின் முடிவிலும் எந்தெந்த எண்களிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். எண் இல்லாத வரி இயந்திரம் தானாகச் சேர்த்தது, அடித்துவிடுங்கள். ஒருவர் மட்டுமே சொன்னவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, கூட்டம் கலையும் முன் உரக்க வாசிக்க வேண்டும். "ஆமா, அது எனக்கும் தெரியும்" என்று இன்னும் நான்கு பேர் எழுவது அப்போதுதான்.

வரைவைச் செயலர் திருத்தலாம்; திருத்தத்தான் வேண்டும். ஆனால் இயந்திரம் தந்த வரைவு, செயலர் திருத்தியது இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். திருத்தியதை மட்டும் வைத்தால், கணினியே எழுதியது என்ற பெயரில் பழைய "இதர பொருள்" வரி புது மரியாதையோடு திரும்பி வரும்.

ஒத்த கருத்தைத் தேடும் கணக்கு

கோரிக்கை வேறு, முரண்பாடு வேறு. ஊரக வேலைத் திட்டப் பணியை நடவுக் காலத்தில் நிறுத்தலாமா, முறைப்பாசனத்தில் யாருக்கு முதலில், நெல் வயலை ஒட்டி இறால் குட்டை வரலாமா போன்றவற்றில் நிலம் வைத்திருப்பவரும் கூலிக்குப் போகிறவரும் எதிரெதிரே நிற்பார்கள். இதற்கு தைவானின் அனுபவம் உதவும். அங்கே 2015இல் உபர் டாக்சி விவகாரத்தில் 'போலிஸ்' (Pol.is) என்ற திறந்தமூலக் கருவியைப் பயன்படுத்தினார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு வாக்கியம் எழுதலாம். மற்றவர்கள் சரி, சரியில்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். பதில் எழுதிச் சண்டை போட இடமே கிடையாது. வாக்குகளை வைத்து, ஒரே மாதிரி வாக்களித்தவர்களைக் கணினி குழுக்களாகப் பிரிக்கும். பிறகு எல்லாக் குழுவும் ஏற்கும் வாக்கியம் எது என்று தேடும்.

தேடும் விதம் கவனிக்கத்தக்கது. ஒரு வாக்கியத்தை மூன்று குழுக்கள் முறையே 95, 90, 30 சதவீதம் ஏற்கின்றன. இன்னொன்றை மூன்றுமே 70 சதவீதம் ஏற்கின்றன என்று கொள்வோம். சராசரி பார்த்தால் முதல் வாக்கியம் 72ஐ நெருங்கி வென்றுவிடும். இந்தக் கருவியின் வழியில் மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் முதலாவது 0.26, இரண்டாவது 0.34. பெருக்கல் கணக்கில் ஏதாவது ஒரு குழு கடுமையாக மறுத்தால் மதிப்பு சரிந்துவிடும். பெரிய தெருவின் எண்ணிக்கை சின்னத் தெருவை விழுங்காமல் தடுக்க இது நல்ல வழி.

நம் ஊரில் செய்வதானால் வாக்கியங்கள் 20 முதல் 30க்குள் நிற்கட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான். "தூர்வார வேண்டும், அதற்கு ஊர்ப்பணம் வசூலிக்க வேண்டும்" என்று சேர்த்துக் கேட்டால் எதற்குச் சரி சொன்னார்கள் என்று தெரியாது. படிக்க இயலாதவர்களுக்காக வாக்கியங்களைக் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக் குறிக்கலாம். கைபேசி வீட்டுக்கு ஒன்றுதான், அதுவும் ஆண் கையில் என்றால் கைபேசி வாக்கு வீட்டுத் தலைவரின் வாக்காகவே வரும். குழுக் கூட்டம் அதற்கு மாற்று.

மாறுபட்ட கருத்துகளிலிருந்து பொது அறிக்கையை இயந்திரமே எழுதும் முயற்சியும் நடந்திருக்கிறது. கூகுள் டீப்மைண்ட் 2024இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனைச் சேர்ந்த 5,700க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மனித நடுவர் எழுதியதைவிட இயந்திரம் எழுதியதைப் பாதிக்குச் சற்று மேலானோர் விரும்பினர். தீர்மான வரைவுக்கு இது பயன்படலாம். ஆனால் கூலி உயர்வு மாதிரி விஷயத்தில் இரு தரப்பையும் மழுப்பும் வாசகம் பலமுள்ளவருக்கே சாதகமாகும். அங்கே இரண்டு நிலைப்பாட்டையும் தனித்தனியே எழுதுவதே நேர்மை.

ஆங்கிலக் கோப்பும் போலி மனுவும்

2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றாக்கினார்கள். அடுத்த மாதமே, டெல்டாவில் அத்தகைய புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அதே ஆண்டு வெளியான புதிய வரைவு அறிவிக்கை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்க, பிற மொழிகளில் வெளியிட டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களில் 30 நாள் அவகாசம்தான் கிடைக்கும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையோ பல நூறு பக்கம், ஆங்கிலத்தில்.

இங்கே செயற்கை நுண்ணறிவின் உதவி உண்மையிலேயே பெரிது. ஒரே இரவில் தமிழில் படிக்கக் கிடைக்கும். முழு அறிக்கையையும் ஒரே மூச்சில் கொடுத்துச் சுருக்கம் கேட்காமல், அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுத்துக் கேள்வி கேளுங்கள்: நிலத்தடி நீர் எவ்வளவு எடுக்கப்படும், கழிவு எந்த வாய்க்காலில் விடப்படும், எந்த மாதத்தில் எடுத்த நீர் மாதிரி? ஒவ்வொரு பதிலுக்கும் பக்க எண் கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'செய்ய வேண்டும்' என்பதும் 'செய்யலாம்' என்பதும் மொழிபெயர்ப்பில் இடம் மாறிவிடும். நிபந்தனைகளில் உயிர்நாடியே அதுதான். அட்டவணையில் உள்ள எண்களை மூலத்தோடு ஒப்பிடாமல் மேடையில் சொல்லாதீர்கள். ஒரு எண் தவறானால் மொத்த ஆட்சேபத்தையும் தள்ளிவிட அது போதும்.

அதே கருவி எதிர்த்தரப்பு கையிலும் இருக்கிறது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017இல் இணையச் சமநிலை (எல்லா இணையதளங்களையும் இணைய நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி) பற்றிக் கருத்துக் கேட்டபோது 2.2 கோடி கருத்துகள் வந்தன; அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞர் 2021இல் அறிவித்தார். அப்போது ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்ததும் பலரைப் பிடிக்க உதவியது. இப்போது ஆயிரம் மனுவை ஆயிரம் நடையில் எழுதலாம். அதனால் மனுக்களின் எண்ணிக்கையை ஆதரவின் அளவாகக் கொள்ளும் முறை செத்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஆள் நேரில் வந்து நிற்கும் கிராம சபையின் மதிப்பு இதனாலேயே கூடுகிறது. கைபேசிக் கருத்தைச் சபைக்கு முன் பேச்சுக்கான பொருளைத் திரட்ட வைத்துக்கொள்ளலாம், வாக்காக எண்ணக் கூடாது.

பேசியவரைக் காப்பது

ஒலிப்பதிவு என்பது சாட்சியமும் கூட. மணல் அள்ளுவது, ரேஷன் எடை, கூலி பாக்கி பற்றிப் பேசியவரின் குரல் வாட்ஸ்அப்பில் சுற்றினால் மறுநாள் அவருக்கு வேலை கிடைக்காது. பெயரை நீக்கினால் போதும் என்று எண்ண முடியாது, நம் ஊர்களில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். ஆகவே இரண்டு படிகள் வேண்டும்: வரிசை எண்ணும் ஒலியும் உள்ள மூலப்படி பூட்டிய கோப்பில், பெயர், தெரு, குரல் நீக்கிய படி மட்டும் அறிவிப்புப் பலகையில். பதிவு நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசும் உரிமையும் வேண்டும். ஆதார் எண் எதற்கும் வாங்கக் கூடாது.

துறைக்குப் போய்ச் சேரும் வழி

வாய்க்கால் கோரிக்கைகள் பெரும்பாலும் தோற்பது துறை மாறிப் போவதால். ஏ, பி பிரிவு வாய்க்கால் என்றால் நீர்வளத்துறை. வயலுக்குப் பிரியும் சி, டி பிரிவு என்றால் வேளாண் பொறியியல் துறையோ ஊராட்சியோ. தவறான மேசைக்குப் போன மனு "எங்கள் துறையைச் சார்ந்ததல்ல" என்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பும். அதற்குள் தண்ணீர் வந்துவிடும். சொற்பட்டியலில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதன் பிரிவைக் குறித்துவைத்தால், கணினி சரியான துறையைப் பரிந்துரைக்கும். காலமும் முக்கியம். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதானால் தூர்வாரும் பணி கோடையிலேயே முடிய வேண்டும். மே 1 சபையில் கேட்டால் ஒப்பந்தப்புள்ளிக்கே நேரமிராது. ஜனவரி 26 சபையில் பட்டியல் எடுத்து, மார்ச் 22இல் நினைவூட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கான வடிகால் கோரிக்கைக்கு ஆகஸ்ட் 15தான் கடைசி நல்ல நாள்.

பழைய தீர்மானங்களைத் தேடவும் கணினியைப் பயன்படுத்தலாம். ஆனால் கையால் எழுதிய தீர்மானப் புத்தகத்தைப் படமெடுத்து எழுத்தாக்கும் முயற்சி வேண்டாம். தமிழ்க் கையெழுத்தில் பிழை மலிந்திருக்கும், திருத்தும் நேரத்தில் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம். கடைசி ஐந்து ஆண்டுத் தீர்மானங்களின் தலைப்பு, தேதி, இடம் மட்டும் தட்டச்சு செய்தால் போதும். ஒரே வாய்க்கால் எத்தனை சபையில் வந்தது, எப்போது என்ன பதில் வந்தது என்ற பட்டியல் உடனே கிடைக்கும். மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த ஒரு தாளை நீட்டினால், "புதிதாக மனு கொடுங்கள்" என்று யாரும் சொல்ல முடியாது.

பிரான்சில் 2019இல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டு நடத்திய தேசிய விவாதத்தில் ஏறத்தாழ 20 லட்சம் இணையக் கருத்துகள் வந்து, இயந்திரத்தால் வகைப்படுத்தப்பட்டன. நகர மன்றங்களில் மக்கள் கையால் எழுதிய குறிப்பேடுகளோ ஆவணக் காப்பகங்களுக்குள் போய் அடங்கிவிட்டன. எழுதியவர்களுக்கு அவரவர் சொன்னதற்கு என்ன ஆயிற்று என்ற பதில் வரவில்லை. திரட்டுவதற்கு நிறைய ஏற்பாடும் திருப்பிச் சொல்வதற்கு ஏற்பாடே இல்லாமலும் இருந்ததன் விளைவு அது. இங்கே அது நேராமலிருக்க, ஒவ்வொரு சபையின் முதல் கூட்டப்பொருளாகப் போன சபையின் வரிசைப் பட்டியல் வாசிக்கப்பட வேண்டும்: எண் 1, கோரிக்கை, அனுப்பிய துறை, தேதி, பதில். பதில் வராத எண்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் அந்த வாரமே விண்ணப்பம் போட வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டிய கடமை அதில் இருக்கிறது. விண்ணப்பத்தைக் கணினி எழுதித் தரும். கையெழுத்துப் போட்டு, பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுப்ப ஊரில் ஒருவர் முன்வர வேண்டும்.